திருவிழாவுக்கு வரும் முதியோரின் மருந்துப் பை

ஆடி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் வீடுதோறும் விருந்தினர் வரவு தொடங்கிவிடும். ஜூலை 26-இல் பனிமய அன்னை பேராலயத்தில் கொடியேறும். ஆகஸ்ட் 5-இல் பெருவிழா. மும்பையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தொலைதூரக் குளிர்நாடுகளிலிருந்தும் நம் உறவினர் வருகின்றனர். 2013-லும் 2023-லும் தங்கத்தேர் பவனி வந்தபோது திரண்ட கூட்டத்தை நாம் அறிவோம். வருவோருள் பலர் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். செபமாலையையும் பட்டுச் சேலையையும் முதலில் எடுத்துவைக்கும் இவர்கள், மருந்தைக் கடைசி நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்படுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்திற்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், திருவிழாத் திருப்பலியின் நடுவே வியர்த்து, வாய் குழறிச் சரிந்தார். வெயில் மயக்கம் என்று எண்ணி விசிறினோம். அவருடைய பையைத் திறந்தால், ஒரு மிட்டாய் டப்பாவில் பல நிற மாத்திரைகள் உறையின்றிக் கலந்து கிடந்தன. எது எதற்கென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அருகிலிருந்த செவிலியர் ஒருவர், "இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்று கேட்டுச் சீனித் தண்ணீர் கொடுத்தார். சற்று நேரத்தில் அவர் தெளிந்தார். காலையில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, நன்மை வாங்கும்வரை உண்பதில்லை என்று இருந்திருக்கிறார். "பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நன்மை வாங்கிப் பழகியவள் நான்" என்றார்.

அன்பு வாசகர்களே, நள்ளிரவு முதல் உண்ணாதிருந்த அந்த ஒழுங்கு நீங்கி நெடுங்காலமாயிற்று. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 919, தண்ணீரும் மருந்தும் இவ்வொழுங்கை முறிக்கா என்கிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் சிறிது உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்றும் கூறுகிறது. இதை நம் பெரியோருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. மாத்திரை உண்டால் உணவும் உண்ணவேண்டும்.

இனி, பைக்குள் இருக்க வேண்டியவை.

முதலாவது, ஒரு தாள். பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, மருத்துவர், உறவினர் ஆகியோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதுக. வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நம் பாராசிட்டமாலே அமெரிக்காவில் அசிட்டமினோபென்.

இரண்டாவது, அன்றாட மருந்துகள். தங்கும் நாட்களுக்கும் மேலாக ஒரு வாரத்துக்கு, அவற்றின் உறையிலேயே, கைப்பையில் வைத்துக்கொள்க. இன்சுலின் கடும் வெயிலிலும் கெடும். பனிக்கட்டியோடு உறைந்தாலும் கெடும். குளிர்பதனப் பெட்டி இல்லாதபோது ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் உதவும்.

மூன்றாவது, குளுக்கோஸ் அல்லது சீனி. நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

நான்காவது, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். 1971-இல் வங்கப் போர் அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கரைக்கவேண்டும். ஒரு தம்ளரில் கரைப்பது கேடு.

ஐந்தாவது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். பகலில் கடிக்கும் கொசுவால் டெங்கு வரக்கூடுமாதலால், வேறு வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்கலாகாது. இதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்போர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

ஆறாவது, காலுக்குக் கட்டுத்துணியும் மெதுவான செருப்பும். உணர்ச்சி மரத்த காலோடு தார்ச்சாலையில் வெறுங்காலாகப் பவனி செல்வோர் கொப்புளத்தை அறியார். இரவில் பாதங்களைப் பார்ப்பது நலம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் ஒரு சொல். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிட, ஆடியில் நமக்கு வருவது வறண்ட காற்று. உப்பளத்தில் உப்பை விளைவிக்கும் அதே காற்று, வியர்வையையும் தெரியாமலே உலர்த்திவிடும். முதுமையில் தாக உணர்வும் குறையும். ஆகவே கேளாமலே தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்போரும் இதய, சிறுநீரக நோயுள்ளோரும், எவ்வளவு பருகலாம் என்று புறப்படுமுன்னரே மருத்துவரிடம் கேட்டறிக.

விருந்தினர் வந்திறங்கிய அன்றே, வீட்டிலுள்ள பிள்ளைகளில் ஒருவர் பாட்டியின் அருகமர்ந்து அந்தத் தாளை வாசித்துப் பார்க்கட்டும். பை எங்கிருக்கிறதென்று வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். நான்காம் கட்டளையை நிறைவேற்ற இதுவும் ஒரு வழியே.