பெயர் கேட்ட நீதிமன்றம்

1922 பிப்ரவரி 4 அன்று கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்தது. எட்டு நாள் கழித்துப் பர்தோலியில் கூடிய காங்கிரஸ் செயற்குழு, தொடங்கவிருந்த சட்டமறுப்பை நிறுத்தியது. நம் பள்ளிப் பாடம் இந்த இரண்டு வரிகளோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். (முதல் தேதியைக்கூடப் பல புத்தகங்கள் 5 என்று அச்சடித்திருக்கின்றன.) தீ வைத்தவர்கள் யார், அவர்களை என்ன செய்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

தொடக்கம் ஒரு சந்தைத் தகராறு. முண்டேரா சந்தையில் சாராயத்துக்கும் இறைச்சி, மீன் விலைக்கும் எதிராகக் காங்கிரஸ் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். பகவான் அஹிர் என்ற தொண்டரைக் காவல் அதிகாரி குப்தேஸ்வர் சிங் அடித்தார். அஹிர் ராணுவத்திலிருந்து ஓய்வூதியம் பெற்று வந்தவர். அரசுக்கு உழைத்த உடம்பில் அரசின் தடி விழுந்தது. நியாயம் கேட்கப் பக்கத்து டும்ரியில் கூடிய ஜனம், காவல் நிலையம் வழியாகச் சந்தையை நோக்கி நடந்தது. போலீஸ் முதலில் வானத்தை நோக்கிச் சுட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காந்தி மகிமையால் குண்டு தண்ணீராகிவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. அடுத்த சூட்டில் சிலர் செத்து விழுந்தார்கள். ரயில் பாதையில் கிடந்த ஜல்லிக் கற்கள் பறந்தன. காவலர்கள் நிலையத்துக்குள் ஓடிப் பதுங்கினார்கள். கூட்டம் மண்ணெண்ணெய் கொண்டுவந்தது. காவல் தரப்பில் இறந்தவர்கள் 22 பேர் என்றும் 23 பேர் என்றும் கணக்கு இன்றும் இரண்டுபடுகிறது. அவர்களில் சௌகிதார்கள் என்ற ஊர்க் காவல்காரர்களும் உண்டு. குறைந்த சம்பளத்துக்காகச் சீருடை போட்ட ஏழைகளும் அந்தத் தீயில் வெந்தார்கள். வெள்ளை அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை.

காந்தி ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். மார்ச் 18 அன்று அகமதாபாத் நீதிமன்றத்தில், பம்பாய், சென்னை, சௌரி சௌரா மூன்று இடத்து வன்முறைக்கும் தனக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆறாண்டுச் சிறையை ஏற்றார். வேல்ஸ் இளவரசர் வந்தபோது சென்னையில் நடந்த கலவரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நேர்மைக்குள் டும்ரிக் குடியானவர்கள் காணாமல் போனார்கள். தலைவரின் கணக்கில் அவர்கள் ஒரு குற்றம். காங்கிரஸின் கணக்கில் ஒரு தலைகுனிவு.

அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, உன் பெயர் என்ன, அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டது, அவர்களைத் தூக்கில் போட விரும்பிய நீதிமன்றம்தான். சுமார் 225 பேர் கூண்டில் ஏறினார்கள். 1923 ஜனவரி 9 அன்று செஷன்ஸ் நீதிபதி ஹோம்ஸ் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு அதற்கு வழி திறந்து வைத்திருந்தது: சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றம், கூட்டத்தில் இருந்த எல்லோர் தலையிலும் விழும். 22 அல்லது 23 சாவுக்கு 172 கயிறு. பெர்லினில் இருந்த கம்யூனிஸ்ட் எம்.என். ராய் இதைச் சட்டம் போட்டுச் செய்யும் கொலை என்று எழுதினார்.

அரசுத் தரப்பு பெரிதும் சாய்ந்து நின்றது அப்ரூவராக, அதாவது மன்னிப்புப் பெற்று அரசுச் சாட்சியாக, மாறிய மீர் ஷிகாரியின் வாக்குமூலத்தில். கூட்டத்துக்குள் இருந்தவன்தான் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியும். அப்படிச் சொல்பவன் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறான். சட்டத்துக்கு இது பழைய சங்கடம்.

மேல்முறையீட்டில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் மதன் மோகன் மாளவியா வாதாடினார். வக்கீல் தொழிலை எப்போதோ விட்டவர், இதற்காக அங்கி போட்டார். காங்கிரஸ் கண்டித்த செயலுக்காகக் கூண்டில் நின்றவர்களுக்கு ஒரு காங்கிரஸ்காரர் வாதாடியது கவனிக்க வேண்டியது. கொலையை நியாயப்படுத்தாமல் கொலையாளி என்று சொல்லப்படுபவனைக் காப்பாற்ற முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1923 ஏப்ரல் 30 தீர்ப்பில் 19 பேருக்கு மட்டும் மரண தண்டனை உறுதியானது. மிகப் பெரும்பாலோருக்குச் சிறை, சிலருக்கு விடுதலை. ஜூலையில் 19 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த மக்களின் குரல் என்று இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த வழக்கின் காகிதங்களில்தான் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஷாகித் அமீன் அவற்றைப் படித்தார். பிறகு கிராமங்களுக்குப் போய் வாரிசுகளிடம் கேட்டார். 1995இல் நூலாக எழுதினார். சாட்சியம் ஒன்று சொல்ல, பேரனின் நினைவு வேறொன்று சொல்லியது. எது உண்மை என்று அவர் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை.

இறந்த காவலர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியது பிரிட்டிஷ் அரசு. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் 1971இல் ஒரு குழு அமைத்துப் பணம் திரட்டிச் சின்னம் வைத்தார்கள். இந்திய அரசு அதன் பின்னால்தான் வந்தது. அன்று குற்றவாளிகள், இன்று தியாகிகள். பட்டம் மாறியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இரண்டு பட்டமும் மொத்தமாகக் கொடுத்தவை. அந்த 19 பேரில் எத்தனை பேர் தீக்குச்சி உரசியவர்கள், எத்தனை பேரை ஷிகாரியின் நாக்கு மட்டும் இழுத்துவந்தது என்பதை எந்தக் கல்வெட்டும் பிரித்துக் காட்டாது. அதைப் பிரிக்க முயன்ற கடைசி இடம் அலகாபாத். அதற்கும் கிடைத்த ஆதாரம் போலீஸ் திரட்டிக் கொடுத்ததுதான்.