விழப்போகும் பல்லுக்கு வைத்தியமா?

கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே, கடலோசை கேட்கும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டிற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அங்கே நாலு வயதுச் சிறுமியொருத்தி தொதலைக் கடித்ததும் முகத்தைச் சுளித்தாள். வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பாற்பல் ஒன்றிலே சிறு பள்ளம் தெரிந்தது. உம்மா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட, மூத்தம்மா தடுத்தார். “விழப்போற பல்லுத்தானே மகள், அதுக்கும் மருந்தா?”

இவ்வாறு கேட்கும் மூத்தம்மாக்கள் நம் வீடுகளிலெல்லாம் உளர். அவர்கள் சொல்வதிற் பாதி உண்மை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பாற்பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் அயலிலுள்ள பல் சாய்ந்து, பின்னர் முளைக்க வேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பெற்றோர் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊசியையும் துளைகருவியின் இரைச்சலையும் கண்டு அலறும் பிள்ளையை யார் பிடித்து வைத்திருப்பது? நியாயமான அச்சமே. ஆயினும் அவ்விரண்டும் இன்றியே பல சூத்தைகளை அடக்கும் வழிகள் இன்று உள்ளன.

1980களின் நடுப்பகுதியில், மின்சார வசதி குன்றிய தன்சானியாவில் யோ பிரெங்கன் என்னும் பல் வைத்தியர் சிறு கைக்கருவிகளால் மட்டும் மெதுவாய்ப்போன பகுதியைச் சுரண்டி, ஒட்டும் தன்மையுள்ள சீமெந்தினால் குழியை அடைக்கும் முறையைத் தொடங்கினார். 1994இல் உலக சுகாதார தாபனமும் அதனை ஆதரித்தது. குழியின் அடியிற் சிறிது சூத்தையை விட்டுவிட்டு மூடலாமா என்ற ஐயம் எமக்கும் எழுந்தது. சூத்தையை உண்டாக்கும் கிருமிகள் சீனியை உண்டே அமிலத்தைச் சுரக்கின்றன. ஓரங்களை நன்கு துப்புரவாக்கி இறுக மூடிவிட்டால், உணவின்றி அவை அடங்கிவிடுகின்றன. ஸ்கொத்லாந்தில் நோர்னா ஹோல் என்பவர் ஒன்றையுமே சுரண்டாது, பல்லின்மேல் உருக்குத் தொப்பியை அழுத்தி மாட்டினார். அதன் பலன்கள் 2006இல் வெளியாகின.

இவற்றினும் எளியது ஜப்பானில் தோன்றிய வெள்ளிப் புளோரைட்டுத் திராவகம். சிறு தூரிகையால் ஒரு துளியைப் பூசுவதுடன் வேலை முடிந்தது. வெள்ளி கிருமியைக் கொல்லும். புளோரைட்டு பல்லை இறுக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை மீண்டும் பூசுவது நலம். 2021இல் அது அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்ந்தது. ஒரு குறை, சூத்தையுற்ற இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாய்ப் பல்லாயின் யார் காணப் போகிறார்கள்? முன்பல்லாயின் தாயின் மனம் வருந்தத்தான் செய்யும். ஆகவே பூசுமுன்னரே வைத்தியர் அதனைச் சொல்ல வேண்டும், தாயும் கேட்க வேண்டும்.

ஆனால் இரவிற் பிள்ளையை எழுப்பும் நோவு, முரசில் வீக்கம், சீழ் ஆகியவை வந்துவிட்டால் இம்முறைகள் உதவா. சூத்தை அப்போது பல்லின் நரம்பை எட்டியிருக்கும். பெரும்பாலும் பிடுங்கவே நேரும். நோவு தொடங்குமுன் காட்டினாலே துளைகருவி தேவைப்படாது. நம் நாட்டில் சிறுவர்க்கெனவே பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர் இருக்கின்றனர், அவர்களிடம் கேட்கலாம். வீட்டிலே சீனியிட்ட பாற்போத்தலுடன் பிள்ளையை உறங்கவிடாதிருத்தலும், புளோரைட்டுப் பற்பசையை மூன்று வயதுக்குக் கீழ் அரிசியளவும் அதன்மேற் பட்டாணியளவும் இட்டுத் தாமே துலக்கிவிடுதலும் தாய்மாரின் பங்கு.

சிறுமிக்கு மருந்து பூசிய அன்று மூத்தம்மாவும் உடன் சென்றிருந்தார். வீடு திரும்பியதும் எம்மிடம் தனியே கேட்டார். “எங்கட பல்லுக்கும் அந்தக் கறுப்பு மருந்து பூசுவாங்களா?”

பூசுவார்கள். முதியோரின் பல்வேரில் விழும் சூத்தைக்கும் அது உதவுகிறது.