போலி என்பது வசைச்சொல்லா?

மென்பொருள் சோதனை குறித்துத் தமிழில் எழுதும் நண்பர்கள் சிலர், சோதனையின்போது உண்மைக் கூறுக்கு மாற்றாக வைக்கப்படுவதைப் 'போலி' என்றழைக்கத் தயங்குகின்றனர். போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று அச்சொல் கறைபட்டுவிட்டதாம். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

நூலகத்தில் தாமதக் கட்டணம் கணக்கிடும் நிரற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய தேதிக்காக அது கணினியின் கடிகாரத்தைக் கேட்கிறது. பிப்ரவரி 29 அன்று கணக்குச் சரியாக வருமா என்றறிய நான்காண்டு காத்திருக்க இயலுமா? கடிகாரத்தை அக்கூறு தனக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டால் சோதிப்பவர் பாடு திண்டாட்டம். வெளியிலிருந்து கொடுப்பதாக அமைத்தால், எப்போதும் '2024 பிப்ரவரி 29' என்றே சொல்லும் கடிகாரமொன்றைச் சோதனைக்கு மட்டும் கொடுத்துவிடலாம். கணக்கிடும் கூறில் ஓர் எழுத்தும் மாறாது. இம்முறைக்கு 'டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்ற பெயர் மார்ட்டின் ஃபவுலரின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவியது. ('சார்பு உட்செலுத்தல்' என்று தமிழாக்குவோர் மருத்துவமனை வாடையையும் சேர்த்தே கொண்டுவருகின்றனர், அது வேறு வழக்கு.)

இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. பந்தல் பந்தர் ஆகிறது. அறம் அறன் ஆகிறது. ஓரெழுத்தின் இடத்தில் வேறெழுத்து வந்தும் பொருள் கெடவில்லை. இதற்கு நம் இலக்கணம் இட்ட பெயரே போலி. அதில் வசை ஏதுமில்லை; பொருள் மாறலாகாது என்ற நிபந்தனை மட்டுமே உண்டு. சோதிப்போர் சறுக்குவதும் அந்நிபந்தனையில்தான். உண்மைக் கடிகாரம் ஒருநாள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாகச் சொல்லத் தொடங்கலாம். போலியோ பழைய வரிசையிலேயே சொல்லிக்கொண்டிருக்கும். சோதனைகள் அத்தனையும் தேறும். நூலகத்தில் மட்டும் கட்டணம் பிழைபடும். வசைக்குரிய போலி அதுவே.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. ஜெரார்டு மெஸ்ஸாரோஸ் 2007இல் வெளியான தம் நூலில், நம் திரையுலகம் 'டூப்' என்று சொல்பவரை நினைவூட்டும் பொதுப்பெயரை இம்மாற்றுகளுக்கு இட்டு, அவற்றை ஐவகையாகப் பிரித்தார்: வெறுமனே இடத்தை நிரப்புவது, வைத்த விடையை மட்டும் சொல்வது, தன்னிடம் வந்த அழைப்புகளைக் குறித்துவைப்பது, எதிர்பார்த்த அழைப்பு வராவிடில் சோதனையைத் தோற்கடிப்பது, எளிய வடிவில் மெய்யாகவே வேலை செய்வது. ஐந்தையும் போலி என்றே எழுதினால் பயில்பவர் திகைப்பார். மூன்றாவதற்கு 'ஒற்றன்' பொருந்தும். வள்ளுவர் அவனுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நம் கடிகாரம் இரண்டாம் வகை, 'கிளி' எனலாம். நான்காவதற்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை.