அடித்த பந்துக்குக் கணக்கு எங்கே, சார்?

"வலிக்குது சார்" என்று நான் சொன்னபோதெல்லாம் உங்களிடம் இருந்தது ஒரே பதில்: "நடிக்காதே, போய் லைன்ல நில்லு." ஸ்ப்ரே அடித்தீர்கள், டேப் ஒட்டினீர்கள். வாலிபால் ஃபைனலுக்கு முந்தின நாள் தெரிந்தவர் என்று யாரிடமோ கூட்டிப்போய்த் தோளில் ஊசியும் போட வைத்தீர்கள். என்ன ஊசி என்று எனக்குச் சொல்லவில்லை, என் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மறுநாள் வலி போன இடம் தெரியவில்லை. கப்பை நீங்கள்தான் தூக்கினீர்கள்.

இன்றைக்கு எனக்குத் தலை பின்னிவிடுவது அம்மா. கல்லூரிக்குப் போகிற வயதில்! பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க எக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

சுப்ராஸ்பினேட்டஸ் என்ற தசையின் நாண் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம். எம்ஆர்ஐ படத்தைக் காட்டிச் சொன்னார் டாக்டர். கை தலைக்கு மேல் போகும்போதெல்லாம் அது தோள் எலும்புக்கு அடியில் நசுங்கும். ஸ்மாஷ் அடித்தபின் பறக்கிற கையைப் பிடித்து நிறுத்துவதும் தோளைச் சுற்றியுள்ள இந்த நாண்களின் வேலைதான். ரத்த ஓட்டம் குறைந்த இடம், லேசில் ஆறாது. போட்டது ஸ்டீராய்டாக இருந்தால் அது நாணை இன்னும் நைய வைத்திருக்கும் என்றார். வலியை மறைத்துவிட்டுக் கிழிசலோடு என்னை ஐந்து செட் ஆட வைத்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் எறிகிற 13, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 95 எறிதலைத் தாண்டக் கூடாது, 66-ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு என்று அங்கே வழிமுறை வகுத்திருக்கிறார்கள். பிசியோ அக்கா இதைச் சொன்னபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. நம் மைதானத்தில் முட்டைக்குக் கணக்கு உண்டு, ஜெர்சிக்குக் கணக்கு உண்டு, பஸ் காசுக்கு வவுச்சர் உண்டு. காலையில் பள்ளி, சாயங்காலம் கிளப், கோயில் கொடை வந்தால் ராத்திரி லைட் மேட்ச். இந்தக் கை எத்தனை பந்து அடித்தது என்று எந்த நோட்டில் எழுதினீர்கள்?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், அப்புறம் ரயில்வே வேலை என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னது நீங்கள். இந்தத் தோளோடு ட்ரையல்ஸில் போய் எதைக் காட்டுவேன்? பழைய சர்டிஃபிகேட்டையா?

போன வாரம் மைதானத்துப் பக்கம் வந்தேன். என் இடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடது கையால் வலது தோளைத் தேய்த்துக்கொள்கிறாள்; "இன்னும் இருபது!" என்று நீங்கள் கத்துகிறீர்கள். அவளுக்குக் கை எலும்பின் வளர்ச்சித் தட்டே இன்னும் மூடியிருக்காது, சார். ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா என்று அவளைக் கேளுங்கள். இல்லை என்றால் நாளைக்கு அவளை நெட் பக்கம் விடாதீர்கள். அவள் அப்பாவைக் கூப்பிட்டு, நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.