மாமா ஷெட்டில் நிற்கும் வேன்

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில் என் மாமாவுக்கு ஒரு டிங்கரிங் ஷெட் இருக்கிறது. அதன் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடின வேன் ஒன்று நிற்கிறது. இடதுபக்க ஸ்டியரிங், ஐரோப்பிய நம்பர் பிளேட். உள்ளே படுக்கக் கட்டில், சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. இப்போதைக்கு அதில் குடியிருப்பது எங்க அத்தை வளர்க்கும் ரெண்டு கோழிகள்.

ஷெட்டுக்கு வருகிற ஆள் ஒருத்தர் விடாமல் "என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்பார். மாமாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பி.பி. ஏறும். விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது, உடைத்து இரும்புக் கடைக்குப் போடவும் முடியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கதை இதுதான். 2020 ஆரம்பத்தில் ஒரு வெள்ளைக்காரர் துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்த வேனை ஓட்டிக்கொண்டே இந்தியாவுக்கு வந்தார். ஆரோவில் பார்க்கப் போகும்போது வண்டி சூடாகி நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து மாமா ஷெட்டில் விட்டார்கள். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. பார்ட்ஸ் வர லேட்டாகும் என்று காத்திருந்த நேரத்தில் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. மனுஷன் சிறப்பு விமானத்தில் ஊருக்குப் போனார். போகிறபோது சாவியையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து, "கப்பலில் அனுப்புற செலவு வண்டி விலையைவிட அதிகம். நீங்களே வச்சுக்குங்க, இலவசம்" என்றாராம். நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா கணக்குப் போட்டார். அடுப்பு இருக்கு, தொட்டி இருக்கு, பைபாஸில் சாயங்காலம் தோசை போட்டால் பிழைப்பு ஓடும். சீட்டுப் பணத்தை எடுத்து எழுபதாயிரம் செலவு பண்ணி எஞ்சினை ஓட வைத்தார். அந்தச் சீட்டு எதற்குப் போட்டது தெரியுமா? என் காலேஜ் ஃபீஸுக்கு. (அப்புறம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போய் நான் பி.காம் சேர்ந்தது தனிக்கதை.) வண்டியை இந்த ஊர் நம்பருக்கு மாற்றலாம் என்று போனபோதுதான் விஷயமே தெரிந்தது.

நம்ம பக்கம் பி.ஒய். நம்பர் காரை வாங்கித் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றுவதற்கே என்.ஓ.சி., வரி என்று அலைய வேண்டும். பாண்டிச்சேரி நமக்கு 40 கிலோமீட்டர்தான். வெளிநாட்டு வண்டி என்றால் சுங்க வரி கட்டின ரசீது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு தாளும் நகராது.

இப்படித் தரைவழியாக வருகிற வண்டிக்கு 'கார்னே' என்று ஒரு புத்தகம் உண்டு. வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. உள்ளே வரும்போது சுங்கத்துறை ஒன்றைக் கிழித்துக்கொள்ளும், வெளியே போகும்போது இன்னொன்றைக் கிழிக்கும், இரண்டு முத்திரையும் உள்ள அடிக்கட்டை வண்டிக்காரரிடம் இருக்கும். வெளியேறின முத்திரை விழவில்லை என்றால் வண்டியை உள்ளூரில் விற்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கத்திடம் வரியைக் கேட்பார்கள். சங்கம் அந்த ஆள் கட்டின டெபாசிட்டில் கை வைக்கும். இந்தியாவில் இப்படி வரும் வண்டி பொதுவாக ஆறு மாசம் இருக்கலாம், அப்புறம் போய்விட வேண்டும். அதாவது நம்ம வெள்ளைக்காரர் இலவசமாகக் கொடுத்த வண்டி, கொடுக்க அவருக்கே உரிமை இல்லாத வண்டி! வரி கட்டாமல் கை மாறினால் அது சட்டப்படி கடத்தல் பொருள் மாதிரிதான், வைத்திருக்கிறவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அன்றைக்கு இரவு மாமா சாப்பிடவே இல்லை.

சரி, வரியைக் கட்டித் தொலைக்கலாமே? பழைய காரை இறக்குமதி செய்ய இங்கே இருக்கிற விதிகளைப் பாருங்கள். தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, வலதுபக்க ஸ்டியரிங்தான் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். அப்புறம் வண்டி மதிப்பைவிட அதிகமாக வரி. நம்ம வேன் முதல் கேள்வியிலேயே ஃபெயில்.

இந்த விதிகளை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ரோட்டில் அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். அதற்கும் புக் பண்ணி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1957-லேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு பஸ் விட்டார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஹிப்பிகள் வேன் வேனாக வந்தார்கள். நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிற ஆரோவில்லுக்கு 1969-ல் பாரீஸிலிருந்து ஒரு வண்டிக் கூட்டம் தரைவழியாகவே வந்து சேர்ந்தது. அப்போது வெளிநாட்டுக் கார் என்றால் புதையல். ஓட்டிக்கொண்டு வந்து விற்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தால் சுற்றுலா என்ற பெயரில் கார் வியாபாரமே நடந்திருக்கும். கதவைப் பூட்டியது சரி.

ஆனால் இன்றைக்கு அது புதையலா? காசு இருந்தால் எந்த ஷோரூமிலும் கார் கிடைக்கிறது. இருபது வருஷத்து டீசல் வேன், தப்பான பக்கம் ஸ்டியரிங், ஸ்பேர் கிடைக்காது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் தேய்மானம் போடும்போது கடைசியில் 'இறுதி மதிப்பு' என்று ஒரு தொகை கழிப்போமே, அது பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. இந்த வேனுக்குப் போயிருக்கிறது. சட்டம் இன்னும் புதையலுக்குக் காவல் நிற்கிறது, உள்ளே இருப்பது பழைய இரும்பு. என் வாதம் மொத்தமும் இதுதான்.

மங்கோல் ராலி என்று ஒன்று 2004-ல் தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து மங்கோலியா வரைக்கும் சின்ன எஞ்சின் ஓட்டைக் காரில் போவது, போய்ச் சேர்ந்த காரை அங்கேயே ஏலம் விட்டுத் தர்ம காரியத்துக்குக் கொடுப்பது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மங்கோலியாவின் இறக்குமதி விதிகளும் வரியும் தலைவலியாகி, பிற்பாடு முடிவிடத்தை ரஷ்யாவின் உலான் உடேக்கு மாற்றினார்கள். தானமாகக் கொடுத்தால்கூட வாங்குகிற ஊருக்குச் செலவுதான் என்பது அங்கேயும் தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றுகிற பசங்க பரவாயில்லை, அங்கேயே பதிவான பழைய காரை வாங்கி ஓட்டிவிட்டு அடுத்து வருகிறவனிடம் விற்றுவிட்டுப் போகிறார்கள். எல்லையே தாண்டாத வண்டிக்கு இந்த வம்பு இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி ஏட்டளவில் இருக்கிறது. இந்த கார்னே முறைக்கு அடிப்படையான 1954-ஆம் வருஷத்து நியூயார்க் ஒப்பந்தத்திலேயே, விபத்தில் மோசமாகச் சேதமான வண்டியை அரசுக்கே செலவில்லாமல் ஒப்படைக்கலாம், அல்லது அதிகாரிகள் முன்னிலையில் சொந்தச் செலவில் அழித்துவிடலாம் என்று இருக்கிறது. பாதி வழியில் செத்துப்போகிற கிழட்டு வண்டிக்கும் இதைத் தாராளமாகக் கொடுத்தால் என்ன? நம்ம நாட்டு வண்டிகளை முறையாக உடைப்பதற்கு 2021-ல் விதிகள் போட்டு, பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே கொடுத்தால் சான்றிதழ் தருகிறார்கள். அதே நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி முன்னால் இந்த வேனை நசுக்கி, அந்தச் சான்றிதழையே வெளியேறின முத்திரையாக ஏற்றுக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? அந்த மனுஷனுக்கு டெபாசிட் திரும்பும், அரசாங்கத்துக்கு இரும்புக் காசாவது வரும், மாமாவுக்கு இடம் காலியாகும். கோழிகளுக்கு மட்டும் வேறு வீடு பார்க்கணும் :)

இது ஒரு வேனுக்கான புலம்பல் இல்லை. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மா வழியை நம்பி இறங்க முடியாமல் போனது. 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச்சாவடியை இந்தியா மூடியது. வந்த வழியே திரும்பிப் போவேன் என்று கணக்குப் போட்டு வருகிறவர் கணக்கு ஒரே நாளில் தப்பலாம். அப்புறம் மிச்சம் கப்பல்தான்.

பயணக்காரர்கள் பக்கமும் தப்பு உண்டு, விடமாட்டேன். நம்ம ஆட்களும் இப்போது கிளம்புகிறார்கள். 2017-ல் கோயம்புத்தூரிலிருந்து பெண்கள் டாடா ஹெக்ஸாவில் லண்டன் வரைக்கும் ஓட்டிப் போனார்கள். அதைப் பார்த்து என் கிளாஸிலேயே நாலு பேர் பிளான் போடுகிறான்கள். பெட்ரோல், விசா, ஹோட்டல் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான்கள். வண்டி எப்படித் திரும்பி வரும் என்று கேட்டேன். "அங்க வித்துடலாம் மச்சி" என்றான் ஒருத்தன். மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் கார்னே வாங்கப் போனால் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், அப்போது புரியும். பட்ஜெட்டின் முதல் வரியில் கப்பல் வாடகையை எழுதுங்கடா, அதற்குக் கீழே காசு மிச்சம் இருந்தால் மற்றதை எழுதலாம். அது முடியாதவன் கொண்டுபோகிற வண்டியை யாரோ ஒரு டிங்கரிங் கடைக்காரர்தான் சுமக்கப் போகிறார்.

போன பொங்கலுக்கு மாமா வேனுக்கும் தண்ணி தெளித்து, பொட்டு வைத்தார். "ஏன் மாமா, இதுக்குமா?" என்றேன்.

"நம்ம எடத்துல நிக்குதுல்லடா மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டயரையாவது கழட்டி விக்கலாமா, வக்கீலைக் கேட்டுச் சொல்லேன்" என்றார்.

கேட்டேன். கூடாதாம்.