சுகர் ஃப்ரீ கேக்கும் மூணு துண்டும்

மசினகுடியில அப்பாவுக்கு அறுபதாவது பொறந்தநாள். ஊட்டியில 'சுகர் ஃப்ரீ' கேக் வாங்கி, கல்லட்டி ரோட்டோட 36 கொண்டை ஊசி வளைவையும் அதை மடியில வச்சுகிட்டே இறங்கினேன். சாதா கேக்னா விரல் நுனியளவு மட்டும் சாப்பிடுற மனுஷன், "இதுலதான் சர்க்கரையே இல்லையே"ன்னு மூணு துண்டு சாப்பிட்டார். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மீட்டர்ல 286!

மக்களே, சீனியை எடுத்துட்டா மட்டும் போதுமா? மைதாவும் வயித்துக்குள்ள குளுக்கோஸாத்தானே மாறுது! சீனிக்குப் பதிலா சேர்க்கிற மால்டிடாலும் சர்க்கரையை ஏத்தும், கொஞ்சம் கம்மியா. தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் வேற பேர்ல வர்ற சீனிதான்.

2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். இவங்களுக்குத் தேவை 'ஃப்ரீ'ங்கற வார்த்தை இல்லை. ஒரு துண்டுல மாவுச்சத்து எத்தனை கிராம்ங்கற கணக்கு.

அம்மா பொறந்தநாளுக்கு நானே செஞ்சேன். பாதாம் மாவு, முட்டை, வெண்ணெய், ஸ்டீவியா. வெட்டும்போதே உதிர்ந்துடுச்சு :-) ஆனா அப்பாவும் எல்லாரோடயும் உக்காந்து ஒரு துண்டு சாப்பிட்டார். மீட்டரும் துள்ளல.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க அளவை டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.