மலேரியா மாத்திரையும் மறதிநோயும்



மலேரியா மாத்திரை மறதிநோயைத் தடுக்குமாமே, வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று சபையாரில் சிலர் கேட்கிறீர்கள். அக்கேள்வியையே இவ்வாரம் தியானிப்போம்.

மாத்திரையின் பெயர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். முடக்குவாதத்திற்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. 2020-ல் கொரோனாவுக்கென்று பலரும் தேடியதும் இதுவே. உடலின் அழற்சியைத் தணிக்கும் மருந்து, மூளையின் அழற்சியையும் தணித்து அல்சைமர் நோயைத் தடுக்குமோ என்று ஆய்வாளர் எண்ணினர். நெதர்லாந்தில் ஆரம்பநிலை நோயாளிகள் 168 பேரை 18 மாதங்கள் சோதித்தனர். ஒரு சாராருக்கு இம்மாத்திரையும் மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2001-ல் வெளிவந்த முடிவின்படி நோயின் வேகம் குறையவில்லை.

பின்னர் அமெரிக்காவில் மாதவ் தம்பிசெட்டி முதலானோர் முடக்குவாத நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தனர். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியவர்களைவிட இம்மாத்திரை தொடங்கியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 8 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது.

இதை எவ்வளவு நம்பலாம் என்பது கரிசல் விவசாயிக்குத் தெரியும். பக்கத்துப் புஞ்சையில் உளுந்து சற்றுக் கூடுதலாக விளைந்தால், விதை காரணமா, அங்கே ஒரு மழை அதிகம் பெய்ததா என்று அவர் கேட்பார். இரண்டு விதைகளையும் ஒரே நிலத்தில் விதைத்துப் பார்த்த பின்பே நம்புவார். பதிவுகளில் கண்டது பக்கத்துப் புஞ்சையின் விளைச்சல். நோய் வருமுன் இம்மாத்திரை காக்குமா என்பது இன்னும் விதைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

ஆகவே மருத்துவர் சொல்லாமல் இதைப் பெரியவர்களுக்குக் கொடுப்பது தவறு என்பதே என் கருத்து. இது விழித்திரையையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும். மூட்டுநோய்க்காக மருத்துவர் சொல்லி உட்கொள்வோர் தொடரட்டும். எதையும் ஆராய்ந்து ஏற்கும்படி பவுல் கூறிய புத்தி (1 தெசலோனிக்கேயர் 5:21) கைப்பேசியில் வரும் செய்திக்கும் பொருந்தும்.

ஆனால் காத்திருப்பது சும்மா இருப்பதன்று. நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் உண்டென 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. தைராய்டு குறைவாலும் பி12 சத்துக் குறைவாலும் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. ஆதலால் வயதின் கோளாறு என்றோ, பிசாசின் கிரியை என்றோ ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்; காது மந்தமானால் கருவி பொருத்துங்கள்.

ஒரே கேள்விக்கு இருபதாம் முறையும் பொறுமையாய்ப் பதில் சொல்லும் மருமகள், பல மாதங்களாக ஆராதனைக்கு வர இயலாதிருக்கிறாள். அவளுடைய விசுவாசத்தை நாம் அளக்க வேண்டாம். ஞாயிறுதோறும் நம்மில் ஒருவர் அவ்வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தால் அவள் ஆலயத்திற்கு வரலாம். இதற்கு எந்த ஆய்வு முடிவும் வரவேண்டியதில்லை.

தாய் மறந்தாலும் தாம் மறவாத தேவனை ஏசாயா (49:15) அறிவிக்கிறார். ஜெபத்தின் சொற்களையும் மறந்துபோன முதியவரை அவர் பெயர்சொல்லி அறிந்திருக்கிறார். சபையும் அவரை மறவாதிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.